பன்னிரண்டாவது ஜன்னல்

பூமியைக் காப்பாற்றுவதற்காகக் கூடிய கூட்டம் கலைந்தபோது ஆலயத்துக்குள் முப்பத்தெட்டு தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. வந்திருந்தவர்கள் பதினொரு பேர். ஒருவாய் குடித்துவிட்டுக் கீழே வைப்பார்கள். மறுபடி தாகம் எடுக்கும்போது எது தன்னுடையது என்று தெரியாது, புதிதாக ஒன்றைத் திறப்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறவள் சுவிட்சக்கா. மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றிக்கொண்டு, காலிப் பாட்டில்களைச் சாக்கில் போட்டு மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொருவர் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அதனால் மிதி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

ஆலயத்தைத் திறப்பது, பெருக்கித் துடைப்பது, மணியடிப்பது, பூட்டுவது எல்லாம் அவள் வேலை. சொந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் சபையில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஆள் எழுந்துபோன இடத்திலெல்லாம் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பாள் என்று பாடல் குழுவினர் கேலியாக வைத்த பெயர் சுவிட்சக்கா. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போடறதுக்கு நூறு பேர் இருக்கீங்க, அணைக்க ஒருத்தி வேணாமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அணைப்பாள்.

ஆனால் அணைக்கமுடியாத சுவிட்சுகள் சில இருந்தன. அங்கேதான் வம்பே. அந்தச் சபையில் யாராவது இறந்தால் குடும்பத்தார் அவர் நினைவாக ஆலயத்துக்கு ஏதாவது கொடுப்பார்கள். பெஞ்சு, கடிகாரம், மின்விசிறி என்று எதுவானாலும் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். மின்விசிறிகள் மட்டும் இருபத்திரண்டு, ஒவ்வொன்றின் இறக்கையிலும் ஒரு பெயர். நினைவாகக் கொடுத்த பொருளை நிறுத்தினால் இறந்தவரையே அவமதித்தது மாதிரி. ஒருமுறை ஆளே இல்லாத பின்வரிசையில் ஒரு விசிறியை நிறுத்திவிட்டாள். ஆராதனை முடிந்ததும் மூத்த மகன், இளைய மகன், மருமகள் என்று மூன்று பேர் வரிசைகட்டி வந்துவிட்டார்கள். "எங்கப்பா ஃபேன் மட்டும் ஏன் சுத்தல? அவர் உங்களுக்கு என்ன பண்ணாரு?" அன்றிலிருந்து இருபத்திரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் சுற்றினார்கள், கீழே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்த இறக்கைகளில் பெயர் எழுதியவர் அவள் புருஷன்தான். கடைப்பலகை எழுதும் பெயின்டர். முப்பது வருடம் பெயின்ட்டையும் தின்னரையும் முகர்ந்ததில் நுரையீரல் போய்விட்டது. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். சூடும் தூசியும் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆலயத்தின் பின்சுவரை ஒட்டி, ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்கவேண்டிய சந்து. சந்தைத் தாண்டினால் வேலையாளுக்கென்று சபை கொடுத்த இரண்டு அறை வீடு. அதுதான் அவர்களுடையது.

ஆலயத்துக்குள் உட்கார்ந்தால் அவருக்கு இருமல் வரும். இருமினால் தலைகள் திரும்பும். ஒரு தலை திரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம், நாற்பது தலைகள் திரும்பினால் எழுந்து வரத்தான் வேண்டும். அதனால் வீட்டு ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நேர் எதிரே, கைக்கு எட்டாத குறையாக, ஆலயத்தின் பன்னிரண்டாவது ஜன்னல். அது திறந்திருக்கும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் தெளிவாகக் கேட்கும். பாட்டில் இரண்டு சொல் பாடுவார், இரண்டு சொல் விடுவார், மறுபடி சேர்ந்துகொள்வார். போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போது அந்த ஜன்னல் பக்கமும் ஒருமுறை கையை நீட்டுவார். அவர் ஆலயத்துக்குப் போனது அப்படித்தான்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏசி வந்தது. ஒன்றல்ல, ஆறு. மருந்துக்கடையம்மா, தன் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆனபோது, அவர் நினைவாகக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் பளபளவென்று பித்தளைத் தகடு. குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று பன்னிரண்டு ஜன்னல்களையும் ஆணி அடித்து மூடி, இடுக்குகளில் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். ஆறு ஏசிக்கும் ஆறு வெளிப்பெட்டிகள். அவற்றைச் சந்துப் பக்கச் சுவரில் வரிசையாகப் பொருத்தினார்கள். யாரும் நடமாடாத பக்கம் என்று, சபையை நடத்தும் மன்றத்தின் குறிப்பில் எழுதியிருந்தார்கள். நடமாடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆறாவது பெட்டி, பன்னிரண்டாவது ஜன்னலுக்குக் கீழே, அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. அது ஓட ஆரம்பித்தால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரிதான். ஜன்னலை மூடினால் உள்ளே புழுங்கும், திறந்தால் அனல். பாட்டும் போயிற்று, பிரசங்கமும் போயிற்று. கேட்டதெல்லாம் அந்தப் பெட்டியின் ரீங்காரம்தான். வீட்டிலேயே சூடு குறைந்த இடம் குளியலறை வாசல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் இரண்டு மணி நேரமும் அவள் புருஷன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

நினைத்தால் சுவிட்சக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம், குளிருகிறது என்று சால்வை! குளிரைக் குறையுங்கள் என்று யாருக்கும் தோன்றாது.

இப்படியிருக்கும்போதுதான் பசுமைக் குழு அமைத்தார்கள். தலைவி வாத்தியாரம்மா, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி, ஆனால் எதையும் பேசி முடித்துவிட்டால் அது நடந்துவிட்டதாக நம்புகிறவர். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர், ஓடிய ஏசி ஆறு. வாசலில் 'பூமி நம் பொறுப்பு' என்று பத்தடிக்கு ஒரு பிளாஸ்டிக் பேனர். மரக்கன்று நடலாம் என்றார் ஒருவர். துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். சுவிட்சக்கா தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கக்கா" என்றார் போதகர். சின்ன வயசுக்காரர், எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பாடுபடுகிறவர்.

"ஜன்னலத் திறந்துடுங்க ஐயா. பன்னெண்டு ஜன்னல் இருக்கு. கட்டினவங்க முட்டாளா? இந்தப் பக்கம் வர்ற காத்து அந்தப் பக்கம் போகும். ஏசிய நிறுத்திடலாம். அந்தச் சூடெல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான் வருது. எங்க வீட்டுக்காரரால மூச்சு விட முடியல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பித்தளைத் தகடுகளைப் பார்த்தார்கள். பிறகு வாத்தியாரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல யோசனை. குறிப்புல எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு முப்பது மரக்கன்று வாங்க முடிவு செய்தார்கள்.

கன்றுகள் வந்தன, நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்கிறீர்களா? பாட்டில்களில் மிஞ்சிய தண்ணீரை வாளியில் சுமந்துபோய் ஊற்றினாள் சுவிட்சக்கா. செடிமேல் அவளுக்குக் கோபமில்லை.

இரண்டு முறை போதகரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். "நான் என்னக்கா பண்ணட்டும்? நினைவாக் குடுத்தது. அந்தம்மா மனசு கஷ்டப்படும்" என்று கையைப் பிசைந்தார். மனசு கஷ்டப்படக்கூடாது, மூச்சு கஷ்டப்படலாம் என்று அவள் வாய்வரை வந்தது. குடியிருப்பது சபை வீடு. விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கி விழுங்கி ஒரு வருடம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டுச் சுத்தியலையும் குறடையும் எடுத்தாள். முதல் ஜன்னலில் நான்கு ஆணிகளையும் பிடுங்கிவிட்டாள், கதவு மட்டும் அசையவில்லை. முட்டினாள், மோதினாள், திட்டினாள். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவள் புருஷன் வந்து நின்றிருந்தார், கையில் தன் பழைய பெயின்ட் சுரண்டும் தகடோடு.

"ஆணி இல்ல... பெயின்ட் பிடிச்சிருக்கு. விடு, இது என் தொழில்."

"தூசி ஆகாதுங்க, போங்க வீட்டுக்கு!"

"துண்டு... கட்டிக்கிறேன்."

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு இடுக்கிலும் தகட்டை விட்டு இழுத்தார். அவர் இழுக்க, அவள் தள்ள, மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் திறந்துவிட்டன. காற்று இந்தப் பக்கமாக நுழைந்து அந்தப் பக்கமாகப் போயிற்று. பீடத்து விரிப்பு ஆடியது. இரண்டு பேரும் நடுவரிசையில் உட்கார்ந்து அந்தக் காற்றை வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார்கள். நல்லாத்தானே இருக்கு என்று நாலைந்து பேர் சொன்னது சுவிட்சக்காவின் காதில் தெளிவாக விழுந்தது. பிறகு மருந்துக்கடையம்மா வந்தார். ஏசி ஓடவில்லை என்பதைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அந்தம்மா அழுதுவிட்டார். "நாலு வருஷத்துல அவரை மறந்துட்டீங்களே."

போதகர் ஓடினார். வாத்தியாரம்மா ஓடினார். பாடல் குழுவுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் மன்றம் கூடியது. எல்லோர் மனசும் நோகாதபடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பூமிக்காக ஜன்னல்கள் திறந்திருக்கும், மருந்துக்கடை ஐயாவுக்காக ஏசிகளும் ஓடும்.

ஆறும் ஓடின, திறந்த ஜன்னல்களோடு. உள்ளே குளிர்ச்சி தங்கவில்லை, அதனால் இயந்திரங்கள் மூச்சுப் பிடித்து ஓடின. சந்து வெந்தது. நடந்த கூத்தைப் பார்த்து சுவிட்சக்கா தலையில் அடித்துக்கொண்டாள். முதல் பாட்டு முடிவதற்குள் அவளுக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்கு ஓடினாள். குளியலறை வாசலில் அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. மருந்தை வாயில் வைத்து இழுக்கச் சொன்னாள், ஈரத் துண்டை மாற்றினாள், முதுகைத் தடவினாள். மூச்சு ஒருவழியாகப் படிந்தபோது வேண்டுதல் ஜெபம் வந்திருந்தது. 'நோயாளிகளுக்காக' என்று போதகர் சொன்னது, ரீங்காரத்தையும் மீறி எதிர் ஜன்னல் வழியாகக் கேட்டது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே நேராக முன்வரிசைக்குப் போனாள். மருந்துக்கடையம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்கம்மா."

"எங்க? ஜெபம் நடக்குது..."

"அவர் நினைவாக் குடுத்ததுல பாதியத்தான் நீங்க பாத்திருக்கீங்க. மீதி எங்க வீட்டுல இருக்கு. வந்து பாருங்க."

என்ன நினைத்தாரோ, அந்தம்மா எழுந்து வந்துவிட்டார். சந்துக்குள் கால் வைத்ததும் முந்தானை அனலில் பறந்தது. ஆறு பெட்டிகளையும் தாண்டி வருவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் எழுந்து வணக்கம் சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயோ, எனக்குத் தெரியாதேப்பா!" உண்மையாகவே பதறினார் அந்தம்மா. "கவலைப்படாதீங்க. இந்த வீட்டுக்கும் ஒரு ஏசி போட்டுடலாம். நாளைக்கே ஆளை அனுப்பறேன்."

உண்மையைச் சொல்வதானால், சரி என்று சொல்லத்தான் சுவிட்சக்கா வாயைத் திறந்தாள். மனசு அலுத்துப்போயிருந்தது. அவள் புருஷன் முந்திக்கொண்டார்.

"வெளிப்பெட்டிய... எங்கம்மா வைப்பீங்க?"

அந்தம்மா சுற்றிப் பார்த்தார். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு எதிரே பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் ஜன்னல். அதில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சுவிட்சக்காவின் கண்ணில் அது பட்டது. அவள் வீட்டு ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கீழே செருகியிருந்த மரத்துண்டு. உருவி எடுத்து அந்தம்மா கையில் வைத்தாள்.

"இது யாரு சீவினது தெரியுதா?"

மருந்துப் பெட்டிப் பலகையில் சீவிய துண்டு. ஒரு பக்கத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் சிவப்பு அம்புக்குறி பாதி தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே ஆலயத்துக்கு வந்து நிப்பாரு. கதவத் திறந்ததும் நேரா மூணாவது ஜன்னல். காத்துல அடிக்காம இருக்க இதைச் செருகுவாரு. ஜன்னலத் திறக்காம அவர் ஒரு நாள் உக்காந்ததில்லம்மா. ஆணி அடிச்ச அன்னிக்கு இது கீழ விழுந்து கிடந்தது, எடுத்து வெச்சேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவருக்கு ஏசி பிடிக்குமா?"

அந்தம்மா அம்புக்குறியை விரலால் தடவினார். "வீட்டுல போடவே விடமாட்டாரு" என்றார். "மூக்கடைக்குதும்பாரு." மரத்துண்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சுவிட்சக்கா புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டி நின்றது. பிறகு இன்னொன்று. ஆறாவது நின்றபோது கடைசிப் பாட்டு தெளிவாகக் காதில் விழுந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் அந்தப் பாட்டில் இரண்டு சொல் பாடினார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், உங்களுக்கு அந்தச் சபையைத் தெரியாது. அடுத்த வாரமே வியர்க்கிறது என்றார்கள், தூசி என்றார்கள், காற்றில் பாட்டுத்தாள் பறக்கிறது என்றார்கள். பாடல் குழுத் தலைவர் எழுந்துபோய் மூன்றாவது ஜன்னலைச் சாத்தப் பார்த்தார். அதில் புதிதாக ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பக்கத்தில் மருந்துக்கடையம்மா நின்றிருந்தார். "அது எங்க வீட்டுக்காரர் ஜன்னல். மூடாதீங்க." பாடல் குழுத் தலைவர் தீயைத் தொட்டவர்போல் கையை எடுத்துவிட்டார்.

அதைப் பார்த்த கணத்தில் சுவிட்சக்காவுக்குப் புத்தியில் பட்டது. ஒரு வருடக் கூட்டங்களும் முப்பது மரக்கன்றும் செய்யாததை ஒரு தகடு செய்துவிட்டதே! அன்றிலிருந்து பெருக்கிக்கொண்டே ஒவ்வொருவரிடமாகப் பேச்சுக் கொடுத்தாள். "உங்கம்மா எப்பவும் அந்த எட்டாவது ஜன்னல் ஓரந்தானே?" "உங்க தாத்தா காத்து வாங்கினது இங்கதான் தம்பி." பாதி உண்மை. மீதியில் கொஞ்சம் உண்மை. இரண்டு ஜன்னல்கள் விஷயத்தில் சுத்தப் பொய், அதற்கு ஆண்டவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஐந்து மாதத்தில் பதினொரு ஜன்னல்களுக்குத் தகடு ஏறிவிட்டது.

தலைவலியும் கூடவே வந்தது. நினைவு ஜன்னல் என்றால் மழையிலும் மூடக்கூடாதாம்! சாரல் அடித்தால் பதினொரு ஜன்னல்களின் தண்ணீரையும் துடைப்பது யார்? இடுப்பொடிய அவள்தான் துடைத்தாள், அத்தனை பேரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே. இதற்கிடையில் 'இயற்கைக் காற்றோட்டத் திட்டம்' என்று பசுமைக் குழு ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டது. அந்த அறிக்கையைப் படித்த கூட்டத்தில் நாற்பத்தொரு பாட்டில்கள் கிடந்தன.

பன்னிரண்டாவது ஜன்னல்தான் மிச்சம். அதன் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் இறந்ததாக அவளால் சொல்லமுடியவில்லை. தகடு இல்லாததால் ஆளாளுக்கு அதைச் சாத்தினார்கள். எல்லா ஜன்னலின் மேலும் இருந்த எரிச்சலை அந்த ஒன்றில் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை அவள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியாரம்மா கேட்டார்: "இதை யாருக்குக் குடுக்கலாம்கிற?"

பதில் சந்தைத் தாண்டி வந்தது.

"அது... எனக்கு இருக்கட்டும்மா. ரொம்ப நாள்... காத்திருக்க வேண்டியிருக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாத்தியாரம்மா தலையைக் குனிந்துகொண்டார். சுவிட்சக்கா வந்த கோபத்தில் கையிலிருந்த துணியைப் புருஷன்மேலேயே வீசினாள். "வாயக் கழுவுங்க! இந்தச் சபையில பேரு எழுதணும்னா செத்துத்தான் காட்டணுமா? உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒரு ஜன்னல் விட மாட்டாங்களா?" துணியை எடுக்கப் போகிற சாக்கில் வீட்டுக்குள் போய், பரண்மேலிருந்த அவருடைய தூரிகைப் பெட்டியை இறக்கினாள். நெடியில்லாத தண்ணீர் பெயின்ட்டாகத் தேடி வாங்கிவந்தாள். நாற்காலியை ஆலயத்துக்குள் தூக்கிப்போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"எழுதுங்க."

"என்னன்னு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டையில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, ஒரு மணி நேரத்தில் ஒரே வரி எழுதினார்.

மறுநாள் பிரசங்கத்தின் நடுவே சாரல் அடித்தது. புதிதாகச் சபைக்கு வந்த ஒருவர் எழுந்து பன்னிரண்டாவது ஜன்னலைச் சாத்தப் போனார். கைப்பிடியைத் தொட்டவர் குனிந்து படித்தார்.

'மூடாதீர்கள். எதிரே ஆள் இருக்கிறார்.'

நிமிர்ந்து பார்த்தார். எதிர் ஜன்னலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் கையை எடுத்துவிட்டு, தோளில் விழுந்த சாரலைத் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.